குறியில்லாத நாயை எண்ணுங்கள்

தெருநாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறவர்கள் மாலையில் காலிக் குப்பிகளை எண்ணிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் அறிக்கை எழுதினேன். மறுநாள் காலை கறிக்கடைச் சந்தில் ஏழு நாய்கள் எதிரே வந்தன. ஊசி போட்டதற்கு அடையாளமாக நாங்கள் பூசிய சாயம் ஒன்றின் முதுகிலும் இல்லை. அதன் பிறகு மறுநாள் கணக்கு எடுக்காமல் எந்த முகாமையும் நான் முடித்ததில்லை. நீங்களும் எடுங்கள். இரண்டு பேரும் ஒரு நோட்டும் போதும்.

முகாமன்றே இதற்கான ஏற்பாடு தொடங்கிவிட வேண்டும். ஊசி போட்ட கையோடு, ஆட்டுக்கு அடையாளம் வைக்கும் நச்சில்லாத சாயத்தை நாயின் நெற்றியிலும் முதுகிலும் அகலமாகத் தீட்டுங்கள். செவலை நாய்க்கும் கறுப்பு நாய்க்கும் எடுப்பாகத் தெரிவது பச்சை. சில நாள்களில் சாயம் மங்கிவிடும் என்பதால் கணக்கை மறுநாளே எடுத்துவிட வேண்டும். சிறு குட்டிகளுக்கு ஊசி வேண்டாம் என்று யாராவது தடுப்பார்கள். கேட்காதீர்கள். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும் போட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மறுநாள் விடியும் நேரத்தில், கடைகள் திறப்பதற்கு முன் கிளம்புங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். போன தெருவில் திரும்பி வராதபடி பாதையை முதலிலேயே வரைந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே நாயை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். குறி உள்ளது, இல்லாதது என்று நோட்டில் இரண்டே பத்தி. குறியில்லாத நாயைப் பார்த்த இடத்தை மட்டும் தவறாமல் பக்கத்தில் எழுதுங்கள். காது நுனி வெட்டப்பட்ட நாயைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது கருத்தடை செய்ததற்கான அடையாளம். இந்த ஆண்டு ஊசி போட்டதற்கு அது சாட்சியாகாது.

கணக்கு எளிது. 90 நாய்களுக்கு ஊசி போட்டுக் குறி வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் கண்ணில் பட்டவை 60, அவற்றில் குறி உள்ளவை 36. அப்படியானால் ஊசி போய்ச் சேர்ந்தது 60 சதவீதம். 90ஐ 60ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் 150 வரும். அந்தத் தெருக்களில் திரியும் நாய்களின் தோராய எண்ணிக்கை அதுதான். வீட்டுக்குள் கட்டிவைத்த நாய்கள் இதில் அடங்காது.

எட்ட வேண்டியது 70 சதவீதம். ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. தான்சானியாவின் செரங்கெட்டிப் பகுதியில் ஆய்வாளர்கள் ஒவ்வொரு கடியின் பின்னாலும் வீடு வீடாகப் போய், எந்த நாய் எதைக் கடித்தது என்று விசாரித்து இதை உறுதிசெய்தார்கள். அப்படியானால் பாதி நாய்களுக்குப் பாதுகாப்பு இருந்தாலே நோய் அடங்கிவிடுமே, எதற்கு 70? ஓராண்டுக்குள் ஊசி போட்ட நாய்கள் சில செத்துவிடும், ஊசி போடாத குட்டிகள் பிறந்துவிடும். அடுத்த முகாம்வரை பாதுகாப்பு மிகவும் இறங்கிவிடாமல் இருக்க அவ்வளவு உயரத்தில் தொடங்கியாக வேண்டும். நம் உதாரணத்தில் 105 நாய்கள் வேண்டும். இன்னும் 15 பாக்கி.

அந்தப் பதினைந்தை எங்கே தேடுவது? எழுதிவைத்த இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அவை ஊர் முழுவதும் சிதறியிருப்பதில்லை. கறிக்கடைப் பின்புறம், கட்டட வேலை நடக்கும் மனை, ரயில்வே சுவரோரம் என்று கூட்டமாக இருக்கும். நோய் தங்குவதற்கு அப்படி ஒரு மூலை போதும். அங்கே வலையோடு ஓடினால் நாய்கள் கலைந்துவிடும். தினமும் சோறு வைப்பவரைக் கேளுங்கள். எங்கள் பகுதியில் இட்லி விற்கும் ஒரு பாட்டி, தூக்குவாளி மூடியை இரண்டு முறை தட்டுவார். வலைக்குச் சிக்காத மறை நாய் ஒன்று அந்தச் சத்தத்துக்கு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருபவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அப்படியும் கடிபட்டால், உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காயத்தில் சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்க யாரையும் விடாதீர்கள்.

விடுபட்ட இடங்களில் ஊசி போட்டதும் அடுத்த விடியலில் அதே பாதையில் இன்னொரு முறை நடந்து எண்ணுங்கள். சென்ற முறை எனக்கு மூன்று விடியல்கள் ஆயின. கடைசியாகக் குறி வைத்தது, சிமெண்ட் குழாய்க்குள் படுத்திருந்த ஒரு தாய்க்கும் அதன் நான்கு குட்டிகளுக்கும்.