இனிஷியலைப் பிடித்து சொந்த ஊரைத் தேடுவது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அண்ணன் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், காகிதத்தில் இரண்டு குடும்பம்! நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற இனிஷியல்தான் உண்டு. அதனால் பெயரை கூகுளில் தட்டினால் பூர்வீகம் வந்துவிடாது. மில், ஹார்பர், ரயில்வே என்று உழைத்த வீடுகளுக்கு வேறு வழி இருக்கிறது.

படி 1: ஆயாவிடம் வருஷம் கேட்காதீர்கள்

சம்பவத்தைக் கேளுங்கள். நைனா (அப்பா) எப்போது பிறந்தார் என்றால் என் ஆயாவுக்குத் தெரியாது. "அண்ணா செத்தப்போ உங்க நைனா கைப்புள்ள. இடுப்புல வச்சிக்கினுதான் போய்ப் பாத்தேன்" என்றார். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. நைனாவின் பள்ளிச் சான்றிதழிலோ 1970 ஜூன்! தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு என்றிருந்த காலம். பிறந்த தேதியை வாத்தியாரே ஜூனில் போட்டுவிடுவார். நான் ஆயாவைத்தான் நம்பினேன்.

எம்.ஜி.ஆர். சுடப்பட்ட 1967, அவர் மறைந்த 1987, பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் மூடிய 1996 ஆகியவையும் இப்படிக் கைகொடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது 1942. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம். 'அப்போ நம்மாளுங்க எங்கே ஓடினாங்க?' என்று கேளுங்கள். ஓடிப்போன ஊர் பெரும்பாலும் சொந்த ஊராகத்தான் இருக்கும்.

அப்படியே ஆயாவின் அப்பா பெயரையும் பிறந்த ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்தோடு பெண்களின் இனிஷியல் மாறிவிடும். இதை விட்டால் பாதிக் குடும்பம் போச்சு.

படி 2: டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

தேட வேண்டியது மொய் நோட்டு. எங்கள் அத்தை கல்யாண நோட்டில் ஊர், பெயர், ரூபாய் என்று வரிசையாக இருந்தது. ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய்தான். ஆனால் பதினோரு வரிகளில் ஒரே ஊர்: மானாம்பதி. உத்திரமேரூர் பக்கம்.

அப்புறம் தாத்தாவின் பி.எஃப். காகிதத்தை எடுத்தேன். அதில் அவருக்கு இரண்டு இனிஷியல், முதலாவது எம். அதைக் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா பெயர் என்றே நினைத்திருந்தோம். பழைய காகிதத்தில் இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது ஊராக இருக்கலாம். வீட்டில் தெலுங்கு பேசுபவரா? உங்கள் 'இண்டிப்பேர்' (வீட்டுப் பெயர்) பல நேரம் ஊர்ப் பெயர்தான்.

ரயில்வே பென்ஷன் ஆணை, குடிசை மாற்று வாரிய ஒதுக்கீட்டு ஆணை எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெயருக்குப் பின்னால் நாயக்கர், செட்டி என்று பட்டம் இருந்தால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ஒரே பட்டத்தைப் பல சாதியார் போட்டுக்கொண்டார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பட்டத்தை விடச் சொன்ன பிறகு பலர் வெட்டியும் விட்டார்கள். தாத்தாவுக்கு இருந்த பட்டம் அப்பாவுக்கு இல்லையென்றால் ஆளை மாற்றிவிடாதீர்கள்.

படி 3: முதல் மொட்டை எங்கே?

குலதெய்வக் கோயில் எங்கே இருக்கிறதோ அங்கே பங்காளிகள் இருப்பார்கள். திருவிழா வரி வசூல் நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயர் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள்.

படி 4: ஊருக்குப் போங்கள்

நிலம் இருந்ததாகப் பேச்சு இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், நிலம் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேடு பார்க்கலாம். எங்களுக்கு நிலமே இல்லை, அதனால் டீக்கடையில் விசாரித்தோம். தாத்தா பெயரைச் சொன்னோம், யாருக்கும் பிடிபடவில்லை. மொய் நோட்டைக் காட்டினோம். ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதினோரு வரியையும் விரலால் தடவிப் படித்தார்.

"அட, நீங்க மில்லுக்காரன் வூடா?"

ஆள் பட்டணம் போய் அத்தனை வருஷம் ஆகியும், அந்தத் தெருவில் எங்களுக்கு அதுதான் பெயர்.