பத்தாம் வகுப்பு வரலாறு: எந்தப் பாடத்தை முதலில் திருப்புவது?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலின் வரலாற்றுப் பகுதியில் பல பாடங்கள் உள்ளன. பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் முதல் உலகப்போரில் தொடங்கி வரிசையாகப் படித்து வருவோர் நான்காம் பாடத்திற்குள் களைத்துவிடுவதால், விடுதலைப் போராட்டமும் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களும் கடைசி இரவுக்குத் தள்ளப்படுகின்றன. திருப்புதலுக்கான வரிசையை மாணவரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது, திருத்தித் தரப்பட்ட திருப்புதல் தேர்வு விடைத்தாள். எந்தப் பாடத்தில் மதிப்பெண் போயிற்று என்பதோடு, எவ்வகை வினாவில் போயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களில் மட்டும் சறுக்கியிருந்தால், பயிற்சி வினாக்களையும் பெட்டிச் செய்திகளையும் பார்த்துவிட்டு நகரலாம். ஐந்து மதிப்பெண் விடை பாதியில் நின்றிருந்தால், காரணமும் விளைவும் கோவையாக மனத்தில் பதியவில்லை என்று பொருள். அந்தப் பாடமே பட்டியலின் மேலே வர வேண்டும்.

அடுத்து, ஒருமுறை படித்தால் பல வினாக்களுக்கு உதவும் பகுதியைத் தேடுங்கள். காந்திய காலகட்டம் அத்தகையது. 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன் வாலாபாக் படுகொலை, 1920இல் ஒத்துழையாமை இயக்கம், 1922இல் சௌரி சௌரா வன்முறை, 1930இல் தண்டி யாத்திரை என்னும் தொடரை அறிந்தவர் பெருவினாவையும் எழுதலாம், காலக்கோட்டையும் நிரப்பலாம். அதே 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்திற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்தது 'தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம்' பாடத்தில் வருவதால், இவ்விரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துத் திருப்புவதே சிக்கனம்.

சிறிய பகுதியிலும் பெருவினா ஒளிந்திருக்கும். வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். சமயக் குறிகளுக்குத் தடை, தாடி மழித்தல், தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை ஆகியவற்றால் சிப்பாய்களிடம் மூண்ட கொதிப்பு காரணம். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் வெடித்த எழுச்சியும், திப்புவின் மகன்கள் அங்கே காவலில் இருந்ததும், ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லஸ்பி அதை அடக்கியதும் நிகழ்வு. ஆளுநர் வில்லியம் பெண்டிங் திரும்ப அழைக்கப்பட்டது விளைவு. காரணம் மட்டும் கேட்டால் இரு மதிப்பெண் விடை, மூன்றும் சேர்ந்தால் ஐந்து மதிப்பெண் விடை. மற்றப் பகுதிகளையும் இவ்வாறே மூன்றாகப் பிரித்து அரைப்பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வராத பகுதிதான் உடனடியாகப் படிக்க வேண்டிய பகுதி.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம் துண்டுதுண்டான செய்திகளால் ஆனதால், அதைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளலாம். மக்கள் சீனக் குடியரசும் நேட்டோ இராணுவக் கூட்டமைப்பும் 1949இல் உருவானவை என்பது போல, ஆண்டு வழியே பிணைத்துக்கொண்டால் அது எளிதாகும். வினாக்களில் தெரிவு இருக்கிறதே என்று ஒரு பாடத்தை அடியோடு விட்டுவிடும் வழக்கம் மாணவரிடையே உண்டு. ஒரு மதிப்பெண் வினாக்களில் அத்தகைய தெரிவு இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாளில் புதிதாக எதையும் தொடங்காமல், 1900 முதல் 1947 வரையிலான ஆண்டுகளை வெற்றுத்தாளில் எழுதி, எதிரே நிகழ்வுகளை நினைவிலிருந்து நிரப்பி, விடுபட்டவற்றை மட்டும் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.