அலுமினியம் கலந்த உந்துபொருளின் எரிதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராக்கெட்டின் திட உந்துபொருளை எரித்துச் சோதிக்கும்போது எர்த் கொடுப்பது, பாதுகாப்புக் கண்ணாடி போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் சோதனைக்கூடத்துக்குள் வரவே கூடாது. விவரம் தெரிந்து வருகிறவர்களும் வருஷா வருஷம் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன.

ஒளிப்பந்தை அளந்துவிட்டு, துளியை அளந்ததாக நம்புவது

உந்துபொருளில் கலக்கும் அலுமினியத் துகள் பெரும்பாலும் சில பத்து மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது அப்படியே பறந்து போவதில்லை. எரிய ஆக்சிஜன் கொடுக்கும் அம்மோனியம் பெர்குளோரேட் மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் பல துகள்கள் சேர்ந்து, எரிபரப்பிலேயே ஒட்டி உருகி, ஒரே துளியாகக் கிளம்பும். இந்தத் திரள் நூற்றுக்கணக்கான மைக்ரான் வரைகூடப் போகும். எரியறைக்குள் அலுமினியம் முழுசாக எரியுமா, வாயு வெளியேறும் வாயான நாசிலில் எவ்வளவு இழப்பு, ராக்கெட் மோட்டாருக்குள் எவ்வளவு கசடு தங்கும் என்பதெல்லாம் திரளின் அளவைப் பொறுத்தது.

அதை அளக்கத்தான் அதிவேக கேமரா. கோளாறும் அங்கேதான். துளியிலிருந்து ஆவியாகும் அலுமினியம், துளியை விட்டுச் சற்றுத் தள்ளி அதைச் சுற்றி எரிகிறது. அந்தச் சுடரில் பிறக்கும் ஆக்சைடுப் புகை பளீரென்று ஒளிரும். படத்தில் விழுவது இந்த ஒளிப்பந்து. துளி உள்ளே மறைந்திருக்கும். எக்ஸ்போஷர் கூடினால் படம் வெளிறி, பந்து இன்னும் ஊதிவிடும்.

‘விட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?’ என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். விட்டம் இருமடங்கானால் நிறை எட்டு மடங்கு! ஒரு மாணவர் மாதக்கணக்கில் படமெடுத்து, அழகான வரைபடத்தோடு வந்தார். “சரி, இந்தத் துளிகளின் நிறையை எல்லாம் கூட்டிப் பாருங்கள்” என்றேன். அந்த நேரத்தில் எரிந்த உந்துபொருள் துண்டுக்குள் இருந்த அலுமினியத்தைவிட அதிகமாக வந்தது. அத்தனை மாத உழைப்பும் வீண். முதல் நாளே இந்தக் கூட்டலைப் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பின்னாலிருந்து லேசர் வெளிச்சம் கொடுங்கள். அந்த அலைநீளத்தை மட்டும் விடுகிற ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் மாட்டி, எக்ஸ்போஷரை முடிந்தவரை குறையுங்கள். சுடரின் வெளிச்சம் அடங்கி, துளியின் நிழல் கறுப்பாகத் தெரியும்; ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சைடுத் தொப்பிகூடத் தெரியும். ஃபோகஸ் இல்லாத துளிகளை ஒதுக்கிவிடுங்கள். அப்புறமும் நிறைக் கணக்கைப் போடுங்கள். கணக்கு ஒத்துவந்ததாலேயே அளவு சரி என்று ஆகாது. ஆனால் மிஞ்சினால் தவறு என்பது நிச்சயம்.

அலுமினியத்தைக் கூட்டினால் எரிவேகம் ஏறும் என்ற எண்ணம்

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதைப் போர்த்தியிருக்கும் ஆக்சைடு ஓடு உருக 2,050 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் உருகிய உலோகம் ஓட்டுக்குள் அடைபட்டே கிடக்கும். மைக்ரான் அளவுத் துகள் தன் வெப்பத்தில் பெரும்பகுதியை எரிபரப்பைத் தாண்டிப் போன பிறகே வெளியிடுகிறது. பரப்புக்குத் திரும்பி வருவது குறைவு. சுடரின் வெப்பநிலையும் உந்துதிறனும் கூடும், எரிவேகம் தானாக ஏறாது. நானோ துகள் சங்கதி வேறு. அது பரப்பை ஒட்டியே பற்றுவதால் வேகத்தைக் கூட்டும்.

திறந்தவெளி அளவீடு

1 வளிமண்டல அழுத்தத்தில் கிடைத்த திரள் அளவை, அதைப்போலப் பல பத்து மடங்கு அழுத்தத்தில் ஓடும் மோட்டாருக்குப் பொருத்தாதீர்கள்.

அணைத்த தூரத்தை எழுதாமல் விடுவது

துளிகளைத் திரவத்தில் விழவைத்து அணைத்துச் சேகரித்தால், எரிபரப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் அணைத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கிட்டத்தில் பிடித்தால் கிடைப்பது பிறந்த அளவு. தள்ளிப் பிடித்தால் பாதி எரிந்த மிச்சம். தூரம் குறிக்காத அளவை இன்னொருவர் எதனோடும் ஒப்பிட முடியாது.

பக்கவாட்டுப் பூச்சு

பக்கங்கள் எரியாமல் தடுக்கும் பூச்சு இல்லாத உந்துபொருள் துண்டு பக்கமெல்லாம் எரிந்து, பரப்பு கோணிவிடும். அதில் கிடைத்த எரிவேகத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.