மூன்று அச்சில் ஒரு புதுச்சேரிக் கடற்கரை: கைவேலை வாழ்த்து அட்டை செய்முறை

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வாங்கித் தபாலில் சேர்க்கும் வழக்கம் ஏறக்குறைய நின்றேபோய்விட்டது. அதனாலேயே, இன்று ஒரு வீட்டுக்குக் கையால் செய்த அட்டை போய்ச் சேர்ந்தால் அதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அழிரப்பரில் நாமே செதுக்கிய மூன்று சிறு அச்சுகளைக் கொண்டு கடற்கரைச் சாலையிலிருந்து பார்க்கும் கடலை அட்டையில் கொண்டுவரலாம். ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எது முன்னால் நிற்கிறது, அது எதை மறைக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். அச்சுக் காட்சியின் நுட்பம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

காகிதம்

புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் காகிதம் ஒரு வரம். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் 1959-இல் தொடங்கப்பட்டது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் அந்தக் காகிதத்துக்குத் துணியின் உறுதி உண்டு. 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் போதும். தாளைத் தடவிப் பார்த்து வழவழப்பான பக்கத்தை அச்சுக்கு வையுங்கள். சொரசொரப்பான பக்கத்தில் கோடுகள் விட்டுவிட்டு விழும்.

ஏ5 அளவுத் தாளை இரண்டாக மடித்தால் 148 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரமுள்ள அட்டை கிடைக்கும். தொடங்குபவர்களுக்கு இந்த அளவுதான் சரி. ஏ4 தாளை மடித்தால், 250 ஜிஎஸ்எம்மில் அட்டை மட்டுமே 15 கிராமைத் தாண்டிவிடும். உறையும் சேர்ந்தால் சாதாரணக் கடிதத்துக்கான 20 கிராம் எல்லையை எட்டிவிடும். மடிக்கும் இடத்தில் அளவுகோல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். மடிப்பு உடையாமல் நேராக வரும். ஆனால் அச்சிட்டு முடிக்கும்வரை மடிக்க வேண்டாம். மடித்த அட்டையில் மடிப்பு மேலே வரும். ஆகவே விரித்த தாளில் கோட்டுக்குக் கீழுள்ள பாதிதான் அட்டையின் முகப்பு.

அச்சு செதுக்குதல்

பெரிய வெள்ளை அழிரப்பர் மூன்று, கூரான பேப்பர் கத்தி, டிரேசிங் தாள், மென்மையான பென்சில். டிரேசிங் தாளில் படத்தை வரைந்து, கவிழ்த்து ரப்பர்மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும், அச்சிடும்போது நேராகிவிடும். வாழ்த்து வாசகத்தை மட்டும் முதல் முயற்சியிலேயே செதுக்கப் போகாதீர்கள். 'பொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் இடம் மாற்றிச் செதுக்குவது பழகிய கைக்கே சிரமம். வாசகம் பேனாவால் எழுதுவதே அழகு.

முதல் அச்சு பாறை. கடற்கரைச் சாலையோரம் குவிந்து கிடக்கும் கருங்கற்களைப் போல ஒழுங்கற்ற ஓர் உருண்டை, இரண்டு செ.மீ. அகலம், நடுவே வெடிப்பாக ஒரு கீறல். இரண்டாவது கட்டுமரம்: நீண்ட இலை வடிவம், மூக்கு சற்றே மேல்நோக்கி, கட்டைகள் சேரும் இடங்களில் இரண்டு நீளக் கீறல்கள். மூன்றாவது அலை: மூன்று சிறு வளைகோடுகள்.

கத்தியை இறக்கும் கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரித்து இறக்குங்கள். கோட்டின் அடிப்பகுதி மேற்பகுதியைவிட அகலமாக நிற்க வேண்டும். அடி குறுகிப்போனால், சில முறை அழுத்தியதும் கோடு மடிந்து பிய்ந்துவிடும். இரண்டு மி.மீ. ஆழம் போதும். கத்தி வேலையைச் சிறுவர்களிடம் விட வேண்டாம். அச்சிடுவதை அவர்களிடம் தாராளமாக விடலாம்.

முன்னால் இருப்பது முதலில்

ஓவியர் வானத்தில் தொடங்கிப் பாறையில் முடிப்பார். அச்சில் வரிசை நேர் எதிர். நமக்கு அருகில் இருப்பதுதான் முதலில் விழ வேண்டும்.

மைப்பெட்டியை அச்சின்மேல் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். அச்சை மைக்குள் அழுத்தினால் பள்ளங்களிலும் மை ஏறிவிடும். தாளுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டால் கைவினைக் காகிதத்தின் மேடுபள்ளங்களிலும் அச்சு முழுமையாக விழும். அச்சை ஆட்டாமல் நேராக அழுத்தி நேராகவே எடுங்கள்.

அட்டையின் கீழ் விளிம்பில் கறுப்பு மையால் பாறைகளை வரிசையாகப் பதியுங்கள். ஒவ்வொரு முறையும் அச்சைக் கொஞ்சம் திருப்பினால் ஒரே அச்சு பல பாறைகளாகிவிடும். அதே பாறைகளை ஒரு மெல்லிய தாளிலும் பதித்து வெட்டி எடுங்கள். இதுதான் மறைப்பு. கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வெட்டுவது முக்கியம். வெளியே வெட்டினால் பாறையைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும். மறைப்பைப் பாறைகள்மேல் வைத்துவிட்டுக் கட்டுமரத்தைப் பதியுங்கள். அதன் அடிப்பாகம் கொஞ்சம் மறைப்பின்மேல் விழட்டும். மறைப்பை எடுத்ததும் படகு பாறைகளுக்கு அப்பால் போய்விடும். முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்!

கட்டுமரத்துக்கும் இப்படியே ஒரு மறைப்பு வெட்டி, இரண்டையும் மூடிக்கொண்டு நீல மையில் அலைகளைப் பதியுங்கள். அருகிலுள்ள அலைகளுக்குப் புது மை. தொலைவில் உள்ளவற்றுக்கு, அச்சை முதலில் ஒரு கழிவுத் தாளில் ஒற்றிவிட்டு, மீதமிருக்கும் மையால் பதியுங்கள். வெளிறிய அச்சு தானாகவே தூரத்துக்குப் போய்விடும். எல்லா இடத்திலும் அலை வேண்டாம். வெற்றுக் காகிதமும் கடல்தான்.

சூரியன்

இதற்கு அச்சு தேவையில்லை. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் தொடுவானம் வரட்டும். அதற்குக் கீழே நேர்விளிம்புள்ள தாளால் மூடுங்கள். இன்னொரு தாளில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வெட்டி, அந்தத் துளையின் பாதி தொடுவானத்துக்கு மேலே தெரியும்படி வைத்து, பஞ்சுத் துண்டால் ஆரஞ்சு மையை ஒற்றுங்கள். மை காய்ந்தபின், வெட்டி எடுத்த வட்டத்தால் சூரியனை மூடி, சுற்றிலும் மஞ்சளை மிக லேசாக ஒற்றுங்கள். ஒற்றுவதை மறைப்புத் தாளில் தொடங்கி அட்டைக்குள் நகர்த்தினால் திட்டு விழாது.

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் இறங்காது. ஆகவே இது காலைக் காட்சி. மாலை வேண்டுமானால் பார்வையைத் திருப்ப வேண்டும்: கடலிலிருந்து கரையைப் பார்ப்பதாக வைத்து, 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கத்தைப் பதித்து, அதன் பின்னால் சூரியனை இறக்கலாம். அடுத்த அட்டைக்கு அதுவே நல்ல பாடம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர வீடுகளில் மை காய்வது தாமதமாகும். அட்டைகளை ஓர் இரவு விரித்தே வைத்திருந்து, மறுநாள் மடியுங்கள். ரப்பர் அச்சுகளை ஈரத்துணியால் துடைத்துத் தனித்தனியே காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வெறுமனே போட்டால், ரப்பரிலுள்ள மென்மையூட்டும் பொருள் டப்பாவை இளக்கி, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.