ஒழுகும் ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றுதல்

பெங்களூரு ஜே.சி. சாலைக் கடைகளில் புது ரேடியேட்டர் வாங்கும்போது காரின் மாடல், ஆண்டு, கியர் வகை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் கியர் எண்ணெய்க் குழாய்களும் அதில் சேர்வதால், அவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, அடியில் அகலமான பேசினை வைத்து, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை வடியுங்கள். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு அது. தெருநாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் உடனே கேனில் ஊற்றி மூடிவிடுங்கள்.

மேல், கீழ் ஹோஸ்களையும் விசிறியின் ஒயர் இணைப்பையும் கழற்றி, போல்ட்டுகளை நீக்கிய பின் ரேடியேட்டரை மேலே தூக்கலாம். ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்காதீர்கள், சற்றே திருகுங்கள். கிளிப் இருந்த இடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுவதே சிக்கனம். அடியிலுள்ள ரப்பர் புஷ்களைப் பழையதோடு தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

புதியதைப் பொருத்தி, பேட்டரியை இணைத்து, நீர் கலக்காத கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். இவ்வூர் போர்வெல் நீர் உள்ளே உப்புப் படியவைக்கும். மூடியைப் போடாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, விசிறி தானாகச் சுழலும்வரை என்ஜினை ஓடவிட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியேறி மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்குமுன் மட்டத்தை மறுபடி பாருங்கள்.