ஃபிஷிங் பிளானட்: தூண்டில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிஷிங் பிளானட் மீன்பிடிக்கும் இலவச வீடியோ விளையாட்டு. 2015இல் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தில் வந்தது. அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள லோன் ஸ்டார் ஏரிக்கரையில், சாதாரணத் தக்கைத் தூண்டிலோடு நம்மை இறக்கிவிடும். ஆரம்பத்தில் சின்னச் சின்ன சன்ஃபிஷ் விழுந்துகொண்டே இருக்கும், லெவல் ஏறும், கொஞ்சம் கிரெடிட் (விளையாட்டுக் காசு) சேரும். அதை எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழையும்போதுதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

பலரும் கைக்காசில் முக்கால்வாசியை ராடில் (தூண்டில் கோலில்) போட்டுவிடுவார்கள். மிச்சத்தில் நரம்பைச் சுற்றும் ஒரு ரீல், அப்புறம் கண்ணில் பட்டதிலேயே தடிமனான தூண்டில் நரம்பு. ராட், ரீல், நரம்பு மூன்றுக்கும் தாங்கும் அளவு தனித்தனி. மீன் இழுக்கும்போது மூன்றின் மேலும் விழும் பாரம் திரையில் தனித்தனியாகத் தெரியும். எல்லாரும் மீனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பார்க்க வேண்டியது அந்த அளவுகளை.

உதாரணமாக, ராட் 4 கிலோ தாங்கும், நரம்பு 8 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நரம்பு கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். 5 கிலோ இழுவை வந்தால் நரம்புக்கு ஒன்றும் ஆகாது, ராட் முறிந்துவிடும். நரம்பு 3 கிலோ என்றால் அறுந்து போவது கொஞ்சம் நரம்பும் முள்ளும்தான், செலவு அதோடு முடிந்தது. தடித்த நரம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: ரீலில் குறைவான நீளமே சுற்ற முடியும். பெரிய மீன் ஒரே ஓட்டமாக ஓடினால் நரம்பு தீர்ந்துபோகும்.

அந்த 3 கிலோ நரம்பும் அறாமல் காப்பாற்றுவது டிராக், அதாவது ரீலின் பிடியை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள அமைப்பு. நரம்பின் வலுவுக்குக் கொஞ்சம் கீழே அதை வைத்துக்கொண்டால், இழுவை கூடும்போது ரீல் தானாகவே நரம்பை விட்டுக்கொடுக்கும். கிர்ரென்று நரம்பு ஓடும் சத்தம் கேட்டதும் டிராக்கை இறுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். இறுக்காதீர்கள், ஓடட்டும். மீன் களைத்து நிற்கும்போது ராடைத் தூக்குங்கள், தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள், மறுபடி ஓடினால் மறுபடி விடுங்கள். தண்ணீருக்குள் மீனின் எடை அப்படியே நரம்பில் தொங்குவதில்லை, அதன் இழுவைதான் நரம்புக்கு வருகிறது. 3 கிலோ நரம்பில் அதைவிடக் கனமான மீனைக் கரைசேர்க்க முடிவது இதனால்தான். இந்த விளையாட்டின் சுகமே இந்த இழுபறி என்பேன். தேவைக்கு மேல் கனமான செட்டைப் போட்டு எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் இழுத்துப் போட்டால் அது கிடைக்காது.

நரம்பிலும் வகைகள் உண்டு: பிரெய்டு நரம்பு மெல்லிசாக இருந்தே அதிக வலு தரும், ஃபுளோரோகார்பன் தண்ணீரில் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, சாதாரண மோனோ விலை குறைவு. ஆரம்பத்துக்கு மோனோ போதும். பைக் என்ற மீனைப் போலக் கூர்மையான பல்லுள்ளதைத் தேடிப் போகிறீர்கள் என்றால் மட்டும் முள்ளுக்கு முன்னால் ஒரு ஸ்டீல் லீடர் (எஃகுக் கம்பித் துண்டு) போட்டுக்கொள்ளுங்கள்.

முள் வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. 12ஆம் எண் முள் 4ஆம் எண்ணைவிடச் சிறியது. 1க்கு அப்புறம் 1/0, 2/0 என்று போனால் பெரிதாகிக்கொண்டே போகும். சின்ன முள்ளில் சின்ன மீன்தான் அதிகம் கடிக்கும். ஒரே அளவு மீனாக வருகிறது என்று ஏரியை மாற்றுவதற்கு முன்னால் முள்ளையும் இரையையும் மாற்றிப் பாருங்கள்.

ஆழமும் அப்படித்தான். தக்கை நிமிராமல் தண்ணீர்மேல் படுத்தே கிடந்தால், ஈயக்குண்டு தரையைத் தொட்டுவிட்டது, தக்கையைக் கீழே இழுக்க எதுவும் இல்லை என்று அர்த்தம். விளையாட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து திரும்பத் திரும்ப வீசுவார்கள். ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தக்கை நிமிரும் இடத்தில் நிறுத்துங்கள். இரை இப்போது தரையை ஒட்டி இருக்கிறது. அடியில் மேயும் மீனுக்கு இதுவே சரியான இடம். அப்புறம், தக்கை லேசாக ஆடியதுமே ராடை வெட்டி இழுக்காதீர்கள். அது முழுதாக உள்ளே போகும்வரை அல்லது ஒரு பக்கமாக நகரத் தொடங்கும்வரை பொறுங்கள்.

அடுத்தது லெவல் மோகம். லெவல் ஏறிக் கொலராடோவின் ராக்கி ஏரி திறந்தது, ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் திறந்தது என்றதும் கிளம்பிவிடுகிறார்கள். போவதற்கும் காசு, அங்கே தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு, லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. டெக்சஸ் லைசென்ஸ் மிசௌரியில் செல்லாது. அனுமதி இல்லாத மீனைப் பிடித்து வைத்துக்கொண்டால் அபராதம் வேறு. போன இடத்தில் பழைய தூண்டில் போதாது, புதியது வாங்கக் கையில் காசு மிஞ்சியிருக்காது. உள்ளூர் ஏரியில் இரண்டு மூன்று பயணத்துக்கான கிரெடிட் சேர்ந்த பிறகு கிளம்புவது புத்திசாலித்தனம். விளையாட்டின் இன்னொரு காசான பெய்ட்காயினை ஆரம்பத்திலேயே கரைத்துவிடாதீர்கள், அது மெதுவாகத்தான் சேரும்.

அதுவரை ஒரே ஏரியில் என்ன செய்வது? இங்கே மீன்களில் சின்னது, சாதாரணம், டிராஃபி, யூனிக் என்று படிகள் உண்டு. ஒரே ஒரு வகையை, லார்ஜ்மவுத் பாஸை என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொண்டு அதன் டிராஃபி எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த இரைக்கு வருகிறது என்று தேடிப் பாருங்கள். லெவல் தானாக ஏறும்.

கடைசியாக மீன் போட்டுவைக்கும் வலை. கீப்நெட்டுக்கும் எடை வரம்பு உண்டு, மொத்தத்துக்கும் ஒற்றை மீனுக்கும் தனித்தனியாக. ராட், ரீல் எல்லாம் மாற்றிவிட்டுப் பழைய வலையோடு போனால், பாடுபட்டு இழுத்த பெரிய மீனைத் தண்ணீரிலேயே விட வேண்டியதுதான், விற்கவும் முடியாது. பெரிய ராட் வாங்கும் அன்றைக்கே வலையையும் மாற்றிவிடுங்கள்.