மரக் கப்பல் மாதிரிக்கு வண்ணமும் மெருகும்: உப்புத்தாள் முதல் கண்ணாடிப் பெட்டி வரை

பெயிண்ட் அடித்தால் குறையெல்லாம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கைதான் பல மாதிரிக் கப்பல்களைக் கெடுக்கிறது. நடப்பது நேர் எதிர். வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாத கால் மில்லிமீட்டர் மேடு, மேலே கறுப்பு ஏறியதும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே போய்விடும், போகவும் வேண்டும்.

முதலில் முடிவு செய்யவேண்டியது, எந்தப் பாகத்துக்குப் பெயிண்ட், எந்தப் பாகத்தை மரமாகவே விடுவது என்பது. பலகை நன்றாகப் பொருந்தி, வால்நட், பேரி போன்ற நல்ல மரமும் அமைந்திருந்தால் கப்பலின் உடலை மரமாகவே விடலாம். பட்டி போட்ட இடங்கள் நிறைய இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பெயிண்ட்தான். பாஸ்வுட் போன்ற வெளிறிய, மென்மையான மரத்துக்குச் சாயம் கொடுத்து வால்நட் ஆக்க முயல்வது வீண் வேலை. சாயம் திட்டுத் திட்டாக இறங்கும்.

தேய்ப்பதும் பட்டி பார்ப்பதும்

120 எண் உப்புத்தாளில் (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்) தொடங்கிப் பலகைகளுக்கு இடையிலான படிகளை மட்டும் சமன் செய்யுங்கள். பிறகு 180, 240, கடைசியாக 320. எப்போதும் நார் ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். கிட்களில் (பாகங்களோடு விற்கும் மாதிரிப் பெட்டிகளில்) வரும் மேலடுக்குப் பலகை பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அணியத்தின் (கப்பலின் முன்முனை) வளைவில் 120-ஐ வைத்து ஒரே இடத்தில் அழுத்தினால் சில நிமிடங்களில் அடிப்பலகை எட்டிப் பார்க்கும். தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள், விரல் பள்ளம் பறிக்கும். வளையக்கூடிய ரப்பர் துண்டு அல்லது தக்கையின் மேல் தாளை ஒட்டிக்கொள்வது நல்லது.

மேடு பள்ளம் கண்டுபிடிக்க ஒரு வழி: உடல் முழுக்கப் பென்சிலால் குறுக்குக் கோடுகள் கிறுக்கிவிட்டு லேசாகத் தேயுங்கள். கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். டார்ச் விளக்கை உடலை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் மிச்சமும் தெரியும்.

பெயிண்ட் வரும் இடத்துக்குச் சாதாரண மரப் பட்டி போதும். காயும்போது சுருங்கும் என்பதால் சற்று மேடாகவே போடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழமென்றால் இரண்டு தடவையாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் மேல் காய்ந்து அடி ஈரமாகவே இருக்கும், பெயிண்ட் அடித்த பிறகு அமுங்கும். மரமாகவே விடும் இடத்தில், அதே மரத்தின் தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைக்கச் சொல்வார்கள். வார்னிஷ் பட்டதும் அந்த இடம் சுற்றியுள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். இடைவெளி பெரிதென்றால் அதே மரத்தில் ஒரு சிம்பு சீவிச் செருகுவதுதான் சரி.

பசைக்கறையைத் தனியாகத் தேட வேண்டும். வெள்ளைப் பசையோ சூப்பர் குளூவோ நாரில் ஊறிய இடத்தில் எண்ணெயும் சாயமும் இறங்காது. பூசிய பிறகுதான் வெளிறிய தழும்பாகக் கண்ணில் படும். முன்கூட்டியே பிடிக்க, மினரல் டர்பென்டைனில் நனைத்த துணியால் உடலைத் துடையுங்கள். மரம் கறுத்துத் தெரியும், பசை உள்ள இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும். அங்கே பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி துடைத்துப் பாருங்கள். இதற்கு ஆல்கஹால் வேண்டாம், வெள்ளைப் பசை போட்ட இணைப்புகளை அது தளர்த்திவிடும்.

மூடுபூச்சு

நீர் கலந்த அக்ரிலிக் பெயிண்ட் நேராக மரத்தில் பட்டால் நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிடும். முன்னதாக மரத்தை மூடிவிட வேண்டும். இதற்கு மெழுகு நீக்கிய அரக்குதான் என் தேர்வு. 100 மில்லி சுத்தமான ஸ்பிரிட்டுக்கு (ஆல்கஹால்) 10 முதல் 12 கிராம் அரக்குத் துகள் போட்டு ஓர் இரவு விட்டு, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மெழுகு உள்ள அரக்கின் மேல் நீர்ப் பெயிண்டும் பாலியூரித்தேனும் சரியாகப் பிடிக்காது. கரைத்து வைத்த அரக்கு மாதக்கணக்கில் கிடந்தால் காயும் தன்மையை இழக்கும். சந்தேகமிருந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒரு மெல்லிய பூச்சு, ஒரு மணி நேரம் காயவிடுதல், 400 தாளில் ஒரு தடவல், மறுபடி ஒரு பூச்சு. அவ்வளவுதான். மழை நாளில் அரக்கு பூசினால் ஈரம் சிக்கி வெள்ளையாகப் பூக்கும். காற்று உலர்ந்த நாளில் கொஞ்சம் ஸ்பிரிட் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பெயிண்ட் வரும் பகுதிக்கு அடுத்ததாகச் சாம்பல் பிரைமர் (பெயிண்டுக்கு அடிப்பூச்சு), மெல்லியதாக இரண்டு கோட். சாம்பல் நிறத்துக்குக் காரணம் உண்டு: நிழல் தெளிவாக விழும், கண்ணுக்குத் தப்பிய கீறல் எல்லாம் இப்போது வெளியே வரும். அவற்றுக்கு மறுபடி பட்டி, மறுபடி பிரைமர். மேலே வரப்போவது மஞ்சள், சிவப்பு அல்லது வெள்ளை என்றால் கடைசிப் பிரைமர் கோட் வெள்ளையாக இருக்கட்டும். சாம்பலின் மேல் அவை மங்கிப்போகும்.

எந்த நிறம்?

கிட் பெட்டியின் மேலுள்ள படத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹெச்.எம்.எஸ். விக்டரி தெரிந்த உதாரணம். பீரங்கி வரிசையில் கறுப்போடு மாறி மாறி வரும் பட்டைகளை எல்லோரும் அடர் மஞ்சளாகவே பூசிவந்தார்கள். பழைய பெயிண்ட் அடுக்குகளை ஆராய்ந்த பிறகு, 2015-இல் அசல் கப்பலையே இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெளிறிய மஞ்சளுக்கு மாற்றினார்கள். 1628-இல் மூழ்கி 1961-இல் மேலெடுக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலிலும் இதே கதை: நீலம் என்று நெடுநாள் நம்பிய சிற்பப் பின்னணி, ஆய்வுக்குப் பின் சிவப்பானது. பழைய கிட்களில் இன்னும் நீலம்தான்.

நீர்க்கோட்டுக்குக் (மிதக்கும் கப்பலின் உடலில் நீர்மட்டம் நிற்கும் கோடு) கீழே என்ன நிறம் என்பது கப்பலின் காலத்தைப் பொறுத்தது. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் எண்ணெய், மரப்பிசின், கந்தகம் கலந்த பூச்சு இருந்தது. அது தூய வெள்ளையாக இருந்திருக்காது. வெள்ளையில் ஒரு துளி மஞ்சள் காவியும் அதைவிடக் குறைவாகப் பழுப்பும் கலந்தால் பொருத்தமாக வரும். செம்புத் தகடு முதன்முதலில் 1761-இல் அலார்ம் என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலில் சோதிக்கப்பட்டது. கடற்படை முழுவதற்கும் பரவியது 1780-ஐ ஒட்டித்தான். 1750-ஐச் சேர்ந்த கப்பலுக்குச் செம்பு ஒட்டினால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். தகட்டின் அசல் அளவு 4 அடிக்கு 14 அங்குலம், 1:64 அளவில் ஏறக்குறைய 19க்கு 5.5 மில்லிமீட்டர். செம்பு ஒட்டும்போது கையுறை வேண்டும், இல்லையேல் விரல்ரேகை சில வாரங்களில் கறுப்பாகப் பதிந்துவிடும்.

இன்னொன்று, சிறிய அளவில் தூய கறுப்பும் தூய வெள்ளையும் பொம்மைத்தனமாகத் தெரியும். கறுப்புக்குப் பதில் மிக அடர்ந்த சாம்பல், மற்ற நிறங்களில் 1:48 அளவென்றால் பத்தில் ஒரு பங்கு வெள்ளை, அதைவிடச் சிறிய மாதிரிக்கு இன்னும் சற்றுக் கூட. பளபளப்பு எங்குமே வேண்டாம்.

நீர்க்கோடு

பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்கும் இடம் இது. கோடு தள்ளாடினால் மீதி வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

மேசை சமமாக இருப்பது முக்கியம். கனமான கண்ணாடித் தகட்டின் மேல் வேலை செய்வது உத்தமம். ஏராக்கட்டைக்கு (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) நீர்க்கோடு இணையாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், பல கப்பல்கள் அமரத்தில் (பின்முனை) சற்று ஆழமாக மிதந்தவை. வரைபடத்தில் இரு முனையிலும் ஏராவிலிருந்து கோடு எவ்வளவு உயரம் என்று அளந்து உடலில் புள்ளி வையுங்கள். அந்த இரண்டு புள்ளிகளும் கண்ணாடியிலிருந்து ஒரே உயரத்துக்கு வரும்வரை தாங்கியின் ஒரு முனைக்கு அட்டை கொடுத்து ஏற்றுங்கள். பக்கவாட்டுச் சாய்வையும் பாருங்கள்: மேல்தள விளிம்பின் உயரம் இடது, வலது இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். இப்போது ஒரு மரக்கட்டையில் பென்சிலை அந்த உயரத்தில் இறுக்கிக் கட்டி, கட்டையைக் கண்ணாடியின் மேல் நகர்த்தியபடி சுற்றிவந்தால் கோடு தானாக விழும்.

டேப் ஒட்டும்போது அமரத்தின் அடிவளைவில் அகலமான டேப் சுருங்கி மேலே ஏறப்பார்க்கும். அதனால் முதலில் 2 மில்லிமீட்டர் அகல, வளையும் வினைல் டேப்பைக் கோட்டோடு ஒட்டுங்கள். மற்றப் பரப்பை மூட அதன்மேல் சாதாரண மாஸ்கிங் டேப்பும் காகிதமும் போதும். விளிம்பை நகத்தாலோ பல்குத்தியின் பக்கத்தாலோ அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. அடி வெள்ளை, மேல் கறுப்பு என்று வைத்துக்கொண்டால் வெள்ளையைக் கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரை பூசி, முழு நாள் காயவிட்டு, பென்சிலால் கோட்டை மறுபடி போட்டு, வெள்ளையை டேப்பால் மூடுங்கள். உடனே கறுப்புக்குப் போகாதீர்கள். டேப்பின் விளிம்பில் அதே வெள்ளையை ஒருமுறை மெல்லியதாக இழுங்கள். டேப்புக்குள் கசிவதாக இருந்தால் கசிவது வெள்ளையாகவே இருக்கும், இடுக்கும் அடைபடும். அது காய்ந்தபின் கறுப்பு. கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுதாக இறுகுமுன், டேப்பை அதன் முதுகின் மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள். ஒரு வாரம் விட்டால் பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். மூடுபூச்சு இல்லாத வெறும் மரத்தில் டேப் ஒட்டினால் நாரே கிளம்பும்.

பூசும் முறை

தூரிகை என்றால் 10 முதல் 12 மில்லிமீட்டர் அகலத் தட்டைச் செயற்கை முடி. பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்க்கவையுங்கள். முதல் கோட் அரைகுறையாக, அடி தெரியத்தான் இருக்கும். பதறி இரண்டாவது முறை அதன்மேல் இழுக்கக்கூடாது, பாதி காய்ந்த பெயிண்ட் இழுபட்டு வரிவரியாகும். பலகையின் நீளத்துக்கு ஒரே இழுப்பு, கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒரு மணி நேரம், மொத்தம் நான்கைந்து கோட். இரண்டாவது கோட்டுக்குப் பின் 600 தாளால் ஒரு மென்தடவல் கொடுத்தால் மீதி சீராகப் போகும்.

ஏர்பிரஷ் உள்ளவர்கள் 0.3 மில்லிமீட்டர் முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரம் என்று தொடங்கலாம். தூரம் கூடினால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து மாவு படிந்ததுபோல் சொரசொரக்கும்.

பெயிண்ட் வட்டம் வட்டமாக விலகி ஓடினால் அங்கே விரல் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது என்று பொருள். மேலே மேலே பூசிச் சரிசெய்ய முடியாது. துடைத்து, தேய்த்து, மீண்டும் அரக்கிலிருந்து வாருங்கள். விரிசல் வலை விழுந்தால், அடியில் எனாமல் முழுதாகக் காயுமுன் அக்ரிலிக் போட்டிருப்பீர்கள்.

மேல்தளம்

கலப்பத்துக் கோட்டை (பலகை இடுக்கில் நீர் புகாமல் அடைத்த கறுப்புக் கோடு) காட்டப் பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் 2பி பென்சில் தடவுவது வழக்கம். ஒட்டிய பிறகு உப்புத்தாள் போட்டால் கரித்தூள் வெளிறிய மரமெங்கும் பரவி அழுக்காகும். புது பிளேடை நிமிர்த்திப் பிடித்து நார்வாக்கில் சுரண்டுங்கள். அதன்மேல் மெல்லிய அரக்கு ஒன்றோ இரண்டோ கோட், முடிந்தது. உலோக வளையம், பீரங்கி வண்டி எல்லாம் ஒட்டுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

மரமாக விடும் பாகங்கள்

டங் எண்ணெயோ டேனிஷ் எண்ணெயோ தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகவே இறுகும். ஒரு நாள் கழித்து இன்னொரு தடவை. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது, எனவே பின்னால் பாகம் ஒட்டவேண்டிய இடத்தில் முன்பே சிறு டேப் துண்டு ஒட்டி வையுங்கள். மறந்துவிட்டால் சுரண்டிவிட்டு 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஆணியோடு ஒட்டலாம்.

எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்கள் காற்றோடு வினைபுரிந்து சூடாகும், சுருண்ட துணி தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்துங்கள்.

பாய்மரங்களுக்கும் பருமல்களுக்கும் (பாய் கட்டும் குறுக்குக் கம்புகள்) இதே முறைதான். கயிறு கட்டுவதற்கு முன்பே அவற்றை முடித்துவிடுங்கள்.

உலோகப் பாகங்கள்

பித்தளையைக் கறுப்பாக்கும் கரைசல் எண்ணெய்ப் பசை இருந்தால் வேலை செய்யாது. அசிட்டோனில் கழுவி, கரைசலை நீரோடு கலந்து நீர்க்கவைத்து, மெதுவாகக் கறுக்கவிடுங்கள். அவசரமாகக் கறுத்தது கரித்தூளாக உதிரும். வார்ப்புப் பீரங்கிகளுக்குக் கறுப்பு மேட் (பளபளப்பில்லாத) பிரைமரும், விளிம்புகளில் தேய்த்த பென்சில் தூளும் நன்றாக அமையும்.

கடைசிக் கோட்

பெயிண்ட் பகுதிக்கு மேட் அல்லது அரைமேட் வார்னிஷ் ஒரு கோட். டப்பாவைச் சில நிமிடங்கள் நன்றாகக் கலக்குங்கள். மேட் தன்மை தரும் பொடி அடியில் தங்கியிருந்தால் பாதி பளபளக்கும், பாதியில் வெள்ளைப் பனி படியும். அழுக்கு, பழமை காட்ட விரும்பினால் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பத்துப் பங்கு தின்னரில் கரைத்து, வார்னிஷ் காய்ந்தபின் இடுக்குகளில் மட்டும் ஓடவிட்டுத் துடையுங்கள். குறைவாகச் செய்வது நல்லது.

கண்ணாடிப் பெட்டியின் அடிப்பலகைக்கு ஓக் மரமும் சாதாரண பிளைவுட்டும் வேண்டாம். அவை வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய பெட்டிக்குள் ஈயம் கலந்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் அரித்து வெண்பொடியாக்கும். பெட்டியின் அடியில் சில காற்றுத் துளைகள் விட்டு, தூசி புகாமல் மெல்லிய துணி ஒட்டினால் ஆவி தேங்காது. ஏற்கெனவே பூத்திருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடித்துப் பயனில்லை, உள்ளே அரிப்பு தொடரும். அந்தப் பாகத்தை ஈயமில்லாத வார்ப்பாலோ கடைந்த பித்தளையாலோ மாற்றுங்கள். பொடியை வாயால் ஊதாதீர்கள், நச்சு. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கையைக் கழுவுங்கள்.